அடைமொழி யாருக்கு உரியது?
காப்பிலுள்ள குழந்தையைக் குறிக்கும் சொற்கள் பற்றிய ஒரு விசாரணை

1. வினா

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சேர்க்கும் பருவத்தில், விண்ணப்பத் தாளின் முதற்பக்கத்தில் பெற்றோர் பெயர் எழுதவேண்டிய கோட்டிற்கு அடுத்தபடியாகப் பாதுகாவலர் பெயருக்கென ஒரு கோடும், மாணவருக்கும் அவருக்கும் உள்ள உறவு யாது என்று கேட்கும் மற்றொரு கோடும் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். பெரும்பாலோர் அவற்றை நிரப்பாமலே கடந்துவிடுவதால், அந்த இரண்டாவது கோடு எத்துணைக் கடினமான வினாவைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது என்பதை உணரும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. காலஞ்சென்ற நண்பனுடைய மகளை நீதிமன்ற உத்தரவின்பேரில் தம் இல்லத்தில் வைத்து வளர்க்கும் ஒருவர் அவ்விடத்தில் எழுதவேண்டிய சொல் யாது? மகள் என்று எழுதினால் சட்டம் அதனை ஒப்பாது. பாதுகாவலர் என்று எழுதினால் அது அவரைக் குறிக்குமேயன்றி அச்சிறுமியைக் குறிக்காது. வளர்ப்பு மகள் என்று எழுதினாலோ, எழுதும் கையின் அருகே நின்று அதனைப் படித்துக்கொண்டிருக்கும் சிறுமியின் முகத்தை அடுத்த கணம் அவர் பார்த்தாக வேண்டும்.

இவ்விஷயத்தில் நம்மிடையே இருவகை அபிப்பிராயங்கள் வழங்கிவருகின்றன. உள்ளதை உள்ளபடி சொல்வதே முறை, சட்டம் எவ்வுறவை அங்கீகரிக்கிறதோ அவ்வுறவின் பெயரையே எங்கும் வழங்கவேண்டும் என்பது ஒன்று. அன்பு இருக்குமிடத்தில் அடைமொழி எதற்கு, வளர்க்கும் பிள்ளையை மகன் என்றோ மகள் என்றோ அழைத்துவிட்டால் போயிற்று என்பது மற்றொன்று. முன்னது நீதிமன்றத்தின் நோக்கு. பின்னது இல்லத்தின் நோக்கு. இவ்விரண்டும் தம்முள் மாறுபடுவனபோல் தோன்றினும், பெயரிடும் உரிமை பெரியவர்களுடையது என்று கேளாமலே கொள்வதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அவ்வொற்றுமையையே இக்கட்டுரை ஐயுறுகிறது. சட்டத்தின் சொற்களையும், வழக்குச் சொற்களையும், பழைய நூல்களின் சாட்சியத்தையும், உறவுமுறை அமைப்பையும் வரிசையாக ஆராய்ந்து, தமிழ் தன் பழஞ்சேமிப்பில் இதற்கொரு விடை வைத்திருக்கிறதா என்று காண்பதே நம் நோக்கம்.

2. சட்டத்தின் சொற்கள்

இந்தியாவில் இன்றும் நடைமுறையிலுள்ள 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், எவருடைய உடலுக்கோ, உடைமைக்கோ, இரண்டிற்குமோ ஒரு காப்பாளர் இருக்கிறாரோ அந்த இளவரை ‘வார்டு’ என்று வரையறுக்கிறது. காப்பாளர் தம் பொறுப்பிலிருந்து லாபம் எதுவும் தேடலாகாது என்றும், அவர் நம்பிக்கைக்குரிய ஸ்தானத்தில் நிற்பவர் என்றும், குழந்தையின் போஷணை, ஆரோக்கியம், கல்வி ஆகியவை அவரைச் சார்ந்தவை என்றும் அச்சட்டம் விதிக்கிறது. இவை யாவும் தகப்பனுக்கு உரிய கடமைகளே. ஆயினும் தகப்பன் என்னும் பெயரை அது அவருக்கு வழங்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பியதும் இந்த பந்தம் சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகிறது. முன்னர், நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் இருபத்தொரு வயதுவரை அது நீடித்தது. 1999-இல் செய்த திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கிவிட்டது.

தத்து இதனின்று முற்றும் வேறானது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி, தத்தான நாள்முதல் குழந்தை தத்தெடுத்தோரின் பிள்ளையாகவே கருதப்படும். பிறந்த குடும்பத்தோடு அதற்குள்ள பந்தங்கள் அறுந்தவையாகும். அச்சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் மட்டுமே உரியதாகையால், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பார்சிகளும் ஒரு குழந்தையை வளர்க்க விரும்பினால் நெடுங்காலம் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாடவேண்டியிருந்தது. தகப்பனாக விரும்பி நீதிமன்றம் சென்றவர் காப்பாளராகத் திரும்பிய நிலை அது. சிறார் நீதிச் சட்டம் 2000-இலும், அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும், பின்னர் 2015-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் சமய வேறுபாடின்றித் தத்தெடுக்கும் வாயிலைத் திறந்தது. அவ்வாயிலை விரும்புவோர் பயன்படுத்தலாம், விரும்பாதோரின் சமய நம்பிக்கைக்கு அதனால் பங்கமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே இன்று ஒரு குழந்தை காப்பில் மட்டும் இருக்கிறதென்றால், உறவினர் பொறுப்பேற்றமை, சமயக் கொள்கை, உயிரோடிருந்தும் வளர்க்க இயலாத பெற்றோர், பெற்றோரின் பெயர் மறையலாகாது என்னும் எண்ணம் என்று அதற்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். அந்நிலையைத் தத்தின் குறையுற்ற வடிவமாக எண்ணுவது தவறு.

இந்த ‘வார்டு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் என்ன நேர்ந்தது? சட்ட மொழிபெயர்ப்புகள் ‘காப்பிலுள்ளவர்’ என்றன. எவரும் அதனை வாயால் சொல்வதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தின் தமிழோ, ‘மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான இன்னார்’ என்று இரண்டு அந்நியச் சொற்களை அப்படியே தழுவிக்கொண்டது. இலங்கைத் தமிழர் ‘பராயமடையாதவர்’ என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். ஆயினும் அது வயதைச் சொல்லுமேயன்றி உறவைச் சொல்லாது.

மைனர் என்னும் சொல்லின் சரித்திரம் சிறிது நின்று பார்க்கத்தக்கது. சென்னை ராஜதானியில் 1804-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையாலும் பின்னர் 1902-ஆம் ஆண்டின் சட்டத்தாலும் ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ என்னும் அமைப்பு நடைபெற்றது. ஜமீன்தார் இறந்து வாரிசு இளவயதினனாக இருப்பின், ஜமீனும் அவ்வாரிசும் சர்க்காரின் பராமரிப்பில் வரும். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி 1873-இல் தந்தையை இழந்தபின் இவ்வாறே பயின்று வளர்ந்தவர். சென்னைத் தேனாம்பேட்டையில் இருந்த நியூயிங்டன் மாளிகை இத்தகைய மைனர் ஜமீன்தார்களின் கல்விக்குப் பயன்பட்டது. காப்பிலிருக்கும் பிள்ளையைக் குறித்த இச்சொல், பொறுப்பற்ற செல்வப் பிள்ளையைக் குறிக்கத் தலைப்பட்டு, ‘மைனர் மாப்பிள்ளை’ என்றும் ‘மைனர் செயின்’ என்றும் தெருவழக்கில் இறங்கியதற்கு இந்த ஜமீன் இளைஞர்களின் நினைவே வித்து என்று கருத இடமுண்டு. சட்டத்தின் ஒரு சொல் மக்கள் வாயில் புகுந்தபோது, அக்குழந்தையின் அநாதரவான நிலையை அவர்கள் பார்க்கவில்லை. அதன் சொத்தைத்தான் பார்த்தார்கள். அச்சொல்லைப் பிறப்பித்த அமைப்பே முதன்மையாகச் சொத்தைக் காக்க ஏற்பட்டதாயிருக்க, மக்களைக் குறைகூற நியாயமில்லை.

இங்கே ஒன்றைப் பாராட்டிச் சொல்லவேண்டும். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக, குழந்தையைப் பற்றிய நடவடிக்கைகளில் களங்கம் விளைக்கும் சொற்களை வழங்கலாகாது என்று விதித்திருக்கிறது. சொல்லே தீங்கு செய்யவல்லது என்பதைச் சட்டம் வெளிப்படையாக ஏற்ற இடம் அது. எந்தச் சொல் களங்கம் விளைக்கும் என்பதை ஆராய்வது சட்டத்தின் வேலை அன்று. அது மொழியை வழங்குவோரின் வேலை.

3. தத்து, சுவீகாரம், வளர்ப்பு

வழக்கிலுள்ள சொற்களைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ‘தத்து’ என்பது வடமொழியில் கொடுக்கப்பட்டது என்று பொருள்படும் சொல்லினின்று வந்தது. அது கொடுப்பவரின் செயலைச் சொல்கிறது. ‘சுவீகாரம்’ என்பது தனதாக்கிக்கொள்ளுதல். அது வாங்குபவரின் செயலைச் சொல்கிறது. ‘அபிமான புத்திரன்’ என்பதில் அபிமானம் வளர்ப்பவருடையது. ‘வளர்ப்பு மகன்’ என்பதில் வளர்த்தலும் அவருடையதே. இவற்றுள் எதுவும் குழந்தை என்ன செய்கிறது, என்னவாக இருக்கிறது என்று சொல்வதில்லை. ஒவ்வொன்றிலும் குழந்தை, வேறொருவர் செய்த ஒரு வினையின் செயப்படுபொருளாகவே நிற்கிறது.

இந்நோக்கு தர்மசாஸ்திரங்களில் முழுமை பெற்றிருக்கிறது. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் புத்திரரைப் பன்னிரு வகையாகப் பகுக்கிறது. மனைவியிடத்துப் பிறந்தவன் ஔரசன், கொடுக்கப்பட்டவன் தத்தகன், விலைக்கு வாங்கப்பட்டவன் கிரீதன், பெற்றோர் கைவிட எடுத்துக்கொள்ளப்பட்டவன் அபவித்தன், தன்னைத் தானே கொடுத்தவன் சுயந்தத்தன். இப்பகுப்பின் பிரயோஜனம் தாயபாகமும் பிண்டமுமே. யார் எவ்வளவு பெறுவர், யார் நீர்க்கடன் கழிப்பர் என்று தீர்ப்பதற்கு இப்பெயர்கள் வேண்டியிருந்தன. ‘அபவித்தா, உண்ண வா’ என்று எந்தத் தாயும் அழைத்திருக்கமாட்டாள். அவை ஏட்டிற்குரிய பெயர்கள் என்பதைச் சாஸ்திரகாரர் அறிந்தே இருந்தனர். பிழை நேர்ந்தது பிற்காலத்தில்: ஏட்டிற்குரிய பெயரை வீட்டிற்குள் கொண்டுவந்து, அதற்குத் தமிழாடை உடுத்தி, கூப்பிடும் பெயரின் முன் ஒட்டவைத்ததே அப்பிழை.

‘வளர்ப்பு’ என்னும் அடைமொழியைத் தனியே நோக்குவோம். எல்லாப் பிள்ளையும் வளர்க்கப்படும் பிள்ளையே. பெற்றுவிட்டு வளர்க்காத தாய் தந்தையரைத்தான் உலகம் பழிக்கிறது. ஆகவே சொல்லின் வெளிப்படைப் பொருளை நோக்கினால் ‘வளர்ப்பு மகள்’ என்பது எல்லா மகளிர்க்கும் பொருந்தும். ஒருத்திக்கு மட்டும் அதனை வழங்கும்போது, வளர்த்தார்கள் என்பதை நாம் சொல்லவில்லை. பெறவில்லை என்பதையே சொல்கிறோம். அன்பைச் சொல்வதுபோல் தோன்றும் அச்சொல் உள்ளே ஓர் எதிர்மறையை மறைத்து வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, நாயையும் பூனையையும் கிளியையும் வளர்ப்புப் பிராணிகள் என்றே வழங்குகிறோம். நன்றி மறந்தவனைச் சுட்ட, வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்கிறோம். இச்சொற்சூழலில் வளரும் குழந்தைக்கு, தன் பெயரின் முன் நிற்கும் அச்சிறு சொல் ஒரு கடன் பத்திரம்போல் தோன்றினால் அதில் வியப்பில்லை.

இச்சொல்லுக்குச் சட்ட ஆதாரம் வேண்டியதில்லை என்பதனால் விளையும் நிலையாமையும் கருதத்தக்கது. தமிழகத்தின் முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா தம் வளர்ப்பு மகனென அறிவித்த இளைஞரின் திருமணம் 1995-இல் நாடறிய நடந்ததும், பின்னர் அவரே அவ்வுறவைத் துறந்ததும் பலர் நினைவில் இருக்கும். ஓர் அறிவிப்பால் ஏற்படும் உறவு மற்றோர் அறிவிப்பால் நீங்கும். வளர்ந்த மனிதர்களிடையே அது ஒரு செய்தி. ஒரு குழந்தையின் விஷயத்தில் அது அடித்தளம் பெயர்வதாகும்.

‘அநாதை’ என்னும் சொல்லையும் இங்கே சேர்த்து எண்ணலாம். நாதன் இல்லாதது அநாதம். காப்பவர் அற்ற நிலை என்பதே அதன் நேர்ப்பொருள். காப்பவர் உள்ள நிலையைச் சுட்ட வடமொழியில் ‘சநாதம்’ என்ற சொல் உண்டு. (என்றுமுள்ளது எனப் பொருள்படும் சனாதனம் வேறு சொல்.) தமிழ் இவ்விணையில் இல்லாமையைச் சொல்லும் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டது. காப்பாளரைப் பெற்றுவிட்ட குழந்தை, சொற்பொருளின்படி, அக்கணமே அநாதை அல்லாததாகிவிடுகிறது. ஆயினும் அதற்குப் பின் அதனை எவ்வாறு அழைப்பதென்று மொழி நமக்குக் கற்பிக்கவில்லை.

4. பெயரே பகையான கதை

இவ்வினாவின் கூர்மையை நம் இலக்கியத்தில் எவரேனும் உணர்ந்திருக்கின்றனரா என்று தேடினால், மணிமேகலையின் ஆபுத்திரன் வரலாறு முன்வந்து நிற்கிறது. வாரணாசியினின்று குமரிக்கு வந்த சாலி என்னும் பார்ப்பனி தான் ஈன்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் விட்டு நீங்க, பசு ஒன்று ஏழு நாள் அதற்குப் பாலூட்டிக் காத்தது. வயனங்கோடு என்னும் ஊரைச் சேர்ந்த இளம்பூதி அவ்வழி வந்து குழந்தையைக் கண்டு, இவன் ஆவின் மகன் அல்லன், என் மகன் என்று உவந்து மனைவியோடு எடுத்துச் சென்று வேதம் பயிற்றி வளர்த்தான். இங்கே வளர்ப்பவன் செய்த முதற்செயலே பெயர்த் திருத்தம் என்பதைக் கவனிக்கவேண்டும்: பிறப்பைச் சொல்லும் பெயரை மறுத்து, உறவைச் சொல்லும் பெயரை அவன் இட்டான்.

அப்பிள்ளை வளர்ந்தபின், வேள்விக்கென்று கட்டிவைத்திருந்த பசுவொன்றை இரவில் விடுவித்துக்கொண்டு போனான். பிடித்துக்கொண்ட அந்தணர்கள் அவன் செயலைப் பழிப்பதோடு நில்லாது, ஆவின் மகன் என்று அவன் பிறப்பைப் பழித்தனர். அவன் அஞ்சவில்லை, பசுவின் வயிற்றிலும் மானின் வயிற்றிலும் தோன்றியோராகச் சொல்லப்படும் இருடிகளை எடுத்துக்காட்டி, அவர்களை உயர்ந்தோர் என்று போற்றுகிறீர்கள் அல்லவா என்று வினவினான். வாதத்தில் வென்றான்; வீட்டை இழந்தான். அவன் பிறப்பு வரலாற்றை வேறொருவன் எடுத்துரைத்தபின், என் மகன் என்று அள்ளியெடுத்த அதே இளம்பூதி அவனை மனையினின்று நீக்கினான். பிச்சைப் பாத்திரம் கையில் ஏந்தி அவன் தென்மதுரை சென்றதும், அமுதசுரபி அவன் கைக்கு வந்ததும் பின்கதை.

இக்கதையின் தாத்பரியத்தை இருவகையில் கொள்ளலாம். பிறப்பை மறைத்ததே இளம்பூதியின் பிழை, முன்பே தெரிந்திருந்தால் இத்துன்பம் நேராது என்று கொள்வது ஒருவகை. ஆனால் காப்பியம் அவ்வாறு சொல்வதாகத் தோன்றவில்லை. ஆபுத்திரன் தன் பிறப்பைக் குறித்து நாணவே இல்லை. ‘என் மகன்’ என்னும் சொல்லை உவகையில் வழங்குவது எளிது, ஊர் எதிர்த்து நிற்கும் நாளில் அதனைத் தாங்கிநிற்பதே அரிது என்று கொள்வது மற்றொரு வகை. இதுவே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. ‘என் மகன்’ என்னும் பெயர் இளம்பூதியின் விருப்பத்தால் வந்தது; அவன் விருப்பம் போனபோது அதுவும் போயிற்று. அப்பெயரில் பிள்ளைக்கென்று உரிமை எதுவும் இருக்கவில்லை. அடைமொழியில்லாத அன்புப் பெயரும் காப்பாவதில்லை என்பதற்கு இதனினும் பழைய சாட்சியம் வேண்டியதில்லை.

5. பிறந்த பெயரின் உரிமை

அன்புப் பெயரை எதிர்த்து வேறொரு வாதமும் உண்டு; அது மிகப் பழமையானது, மதிப்பிற்குரியது. இஸ்லாமிய மரபில் நபிகளார் தம் மகனாக ஏற்று வளர்த்த ஸைது என்பார் முதலில் முஹம்மதின் மகன் ஸைது என்றே அழைக்கப்பட்டார். பின்னர் திருக்குர்ஆனின் 33-ஆம் அத்தியாயத்தின் 4, 5-ஆம் வசனங்கள், வளர்க்கும் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்கவேண்டும், தந்தையர் அறியப்படாவிடின் அவர்கள் மார்க்கத்தில் சகோதரர்கள், நண்பர்கள் என்னும் கருத்துப்பட அமைந்தபின், அவர் ஹாரிஸாவின் மகன் ஸைது என்று மீண்டும் வழங்கப்பட்டார். ஒரு குழந்தையை என்னவென்று அழைப்பது என்னும் வினாவையே நேரடியாக எடுத்துக்கொண்டு விடைகூறிய சமய விதி என்ற அளவில் இது தனிச்சிறப்புடையது. இம்மரபில் வளர்த்தல் பெரும் புண்ணியம். ஆனால் வம்சத்தை மாற்றுதல் கூடாது. ‘கஃபாலா’ எனப்படும் இப்பொறுப்பேற்பு முறையை, குழந்தை உரிமைகள் பற்றிய 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை தன் 20-ஆம் பிரிவில் தத்தோடு ஒருங்கே வைத்து எண்ணுகிறது. இந்தியா அவ்வுடன்படிக்கையை 1992-இல் ஏற்றது.

இதன் வலிமையை உணர, சமய எல்லைக்குள் நிற்கவேண்டியதில்லை. பெற்றோரை இழந்து காப்பிற்கு வரும் பிள்ளைகளுள் பலர் அவர்களை நன்கு நினைவில் வைத்திருக்கும் வயதினர். எட்டு வயதில் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு சிறுவனை, அன்பு மிகுதியால், இனி நீ என் மகன் என்று ஒருவர் அழைக்கும்போது, அவர் கொடுப்பது ஒரு தகப்பனை என்றே எண்ணுகிறார். சிறுவனோ, இருந்த தகப்பனை எடுத்துக்கொள்கிறார்கள் என்று உணரக்கூடும். இறந்தவருக்கு மகன் என்னும் சொல்லில் எஞ்சியிருக்கும் உரிமையைக் கேளாமல் எடுத்துக்கொள்வது, அன்பின் பெயரால் நடந்தாலும், ஒருவகைப் பறிப்பே. தத்து அப்பெயரைச் சட்டத்தால் மாற்றுகிறது. காப்பு அதனை மாற்றாமல் விடுகிறது. அதனைக் காப்பின் குறையென்று பலர் கருதுவர். அதுவே அதன் நிறை என்று சொல்லவும் நியாயம் உண்டு.

6. உறவுமுறை வைத்திருக்கும் விடையும் வேலியும்

நடைமுறையில் காப்பாளர் பெரும்பாலும் அந்நியராக இருப்பதில்லை. பாட்டனோ, பெரியப்பனோ, சிற்றன்னையோ, மாமனோதான் அப்பொறுப்பை ஏற்கின்றனர். அவ்விடங்களில் தமிழின் உறவுமுறை பெரும்பகுதி வேலையை முன்னரே முடித்து வைத்திருக்கிறது. மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் உலக உறவுமுறைகளைத் தொகுத்து வெளியிட்ட நூலில் தமிழ் முறை சிறப்பிடம் பெற்றதற்குக் காரணமான இயல்பு இதுவே: தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பா அல்லது சித்தப்பா, தாயின் உடன்பிறந்தாள் பெரியம்மா அல்லது சின்னம்மா. அப்பாவும் அம்மாவும் அச்சொற்களுக்குள்ளேயே இருக்கின்றனர். அண்ணனை இழந்த தம்பி அண்ணன் பிள்ளைகளை மகன், மகள் என்று அழைப்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. தகப்பன் உயிரோடிருந்தபோதே அவர்கள் அவனுக்கு மக்கள். இறந்தவரின் இடமும் பறிபோவதில்லை. அவர் அப்பா, இவர் சித்தப்பா.

ஆனால் தாய்மாமனும் அத்தையும் காப்பாளராகும்போது இவ்வழி அடைபட்டுவிடுகிறது. மாமனுக்கு உடன்பிறந்தாளின் பிள்ளைகள் மருமகனும் மருமகளும்; அச்சொற்களே மணவுறவையும் குறிக்கின்றன. மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் மணம் முறையென்றும், சில சமூகங்களில் அக்காள் மகளை மாமனே மணப்பது முறையென்றும் கொண்ட சமுதாயம் நம்முடையது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் இருக்குமாயின் அதனைத் தடுப்பதில்லை. இந்நிலையில் மாமன் தன் காப்பிலுள்ள சிறுமியை மருமகள் என்று அழைத்தால், தன் வீட்டுப் பையன் அவளுக்கு முறைமாப்பிள்ளை ஆகிறான். மகள் என்று அழைத்தால் அவன் அண்ணன் ஆகிறான். ஒரு சொல்லால் ஒரு வீட்டின் உறவு முழுதும் வேறு வடிவம் கொள்கிறது. போக்கிடமற்ற ஒரு பெண்குழந்தைக்கு, தான் அவ்வீட்டில் எந்தச் சொல்லால் அழைக்கப்படுகிறாள் என்பது பாதுகாப்பைப் பற்றிய விஷயம். மகள் என்னும் சொல் அங்கே வேலியாகிறது. முன்பகுதியில் பறிப்பு என்று நாம் கண்ட அதே சொல் இங்கே அரணாவதனால், எவ்விடத்திற்கும் பொருந்தும் ஒரே விதியை இவ்விஷயத்தில் தேடுவது வீண் என்பது தெளிவாகும்.

7. செவிலி

இதுவரை கண்ட சொற்கள் யாவும் அடைமொழியைக் குழந்தையின் மேல் ஏற்றின. அல்லது அடைமொழியை அறவே நீக்கின. மூன்றாவது வழியொன்று தமிழின் பழைய அகமரபில் இருக்கிறது. அம்மரபில் ஒரு பெண்ணுக்குத் தாயர் இருவர்: ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பிற்கால இலக்கணமும் நிகண்டும் பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என்று தாயரை ஐவராகவும் விரிக்கும். இங்கே அடைமொழி ஏற்றிருப்பவர் எல்லாரும் பெரியவர்களே. குழந்தை அனைவருக்கும் மகள். அவள் உடன்போக்கில் சென்றபின் பின்தொடர்ந்து பாலைவழியில் தேடிச் செல்லும் செவிலி, வழியில் கண்டோரிடம் வினவுவது தன் மகளைப் பற்றியே. நான் வளர்த்த பெண், பெற்றவள் வேறொருத்தி என்று அவள் யாருக்கும் விளக்குவதில்லை.

தொல்காப்பியம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. களவியலில், தலைவியின் மறைபொருளை உணர்த்தத்தக்க நெருக்கம் உடையவளாதலின் தாய் என்று சொல்லப்படுபவள் செவிலியே என்று அது வரையறுக்கிறது. செவிலி பெற்ற மகளைத் தோழி என்கிறது. வளர்த்த பெண் மகளாகவும், பெற்ற பெண் தோழியாகவும் நிற்கும் இவ்வமைப்பில், வளர்ப்புறவு பிறப்புறவிற்குப் பின்தள்ளப்பட்டதாக எவரும் சொல்லமுடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அகமரபு புலனெறி வழக்கு. நாடகப் பாங்கு கலந்தது. செல்வக் குடியில் ஊழியம் செய்த பெண்ணொருத்தியின் நிலையை அது அழகுபடுத்திக் காட்டுகிறது. அதனைச் சமுதாய விதியாகக் கொள்வது பொருந்தாது என்பர். இம்மறுப்பு நியாயமானதே. செவிலிக்குச் சொத்துரிமை என்ன இருந்தது, வளர்த்த பெண் மணமாகிச் சென்றபின் அவள் என்னவானாள் என்பதை அப்பாடல்கள் சொல்வதில்லை. நற்றாய் உயிரோடு அதே மனையில் இருக்கும் நிலையும் நம் காப்பாளரின் நிலையும் ஒன்றல்ல. ஆயினும் நாம் அம்மரபினிடம் கேட்பது ஒரு சொல்லமைப்பை மட்டுமே. சமுதாய விதியை நாம் கேட்கவில்லை. வளர்த்தல் ஒரு வினையாயின் அவ்வினையின் பெயர் அதனைச் செய்பவரைச் சாரவேண்டும் என்னும் இலக்கண நேர்மை அதில் இருக்கிறது. மூட்டை சுமப்பவருக்குச் சுமப்பவர் என்று பெயரிடுகிறோம். மூட்டைக்குச் சுமப்பு மூட்டை என்று பெயரிடுவதில்லை.

8. முடிவுகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ‘என்ன பெயர்’ என்னும் வினா உண்மையில் மூன்று வினாக்கள் ஒன்றாய்ப் பிணைந்தது என்பது விளங்கும். அவற்றுக்கு ஒரே சொல்லால் விடைகூற முயன்றதே இதுவரையிலான குழப்பத்திற்குக் காரணம்.

முதலாவது, ஆவணத்தில் எழுதும் பெயர். அங்கே துல்லியமே அறம். காப்பை மகன்மை என்று எழுதுவது வாரிசுரிமையிலும் பயண ஆவணங்களிலும் பின்னர் அக்குழந்தைக்கே இடராக முடியும். ‘காப்பிலுள்ளவர்’ என்னும் சட்டச் சொல் ஏட்டில் இருக்கட்டும், ஏட்டோடு இருக்கட்டும்.

இரண்டாவது, வீட்டில் அழைக்கும் பெயர். அது குழந்தையின் விருப்பத்தைப் பொறுத்தது. காப்பாளரை நியமிக்கையில், தன் விருப்பத்தை அறிந்து சொல்லத்தக்க வயதினதாயின் குழந்தையின் விருப்பத்தையும் கருதலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்திருக்கிறது. யாரிடம் வளர்வது என்று ஒரு குழந்தையைக் கேட்கலாமாயின், என்னவென்று அழைக்கப்பட வேண்டும் என்றும் கேட்கலாம். மாமா என்று அழைப்பவன் ஒரு நாள் தானாக அப்பா என்று அழைக்கலாம். அழைக்காமலே வளர்ந்து பெரியவனாகலாம். இரண்டிலும் குறைவில்லை. மருமகள் என்னும் சொல் அச்சம் தரும் வீட்டில், மகள் என்று அழைப்பது பெரியவர்களின் கடமை என்பது மட்டும் இதற்கு விலக்கு.

மூன்றாவது, பிறரிடம் அறிமுகப்படுத்தும் பெயர். தீங்கு பெரும்பாலும் நேர்வது இங்கேதான். கல்யாண வீட்டிலும், பேருந்திலும், மருத்துவமனை வரிசையிலும், கேட்பவரின் வெறும் ஆவலைத் தணிப்பதற்காக ஒரு குழந்தையின் வரலாறு முழுதும் ஓர் அடைமொழியில் சுருக்கி வழங்கப்படுகிறது. இவ்விடத்திற்குச் செவிலி மரபு தரும் விடையையே நாம் முன்வைக்கிறோம். இவள் என் வளர்ப்பு மகள் என்பதற்கு மாறாக, இவள் பெயர் இன்னது, இவளுக்கு நான் பாதுகாவலர் என்று சொல்லலாம். இரண்டும் ஒரே செய்தியைத்தான் தருகின்றன. முன்னதில் விளக்கவேண்டிய ஒன்றாகக் குழந்தை நிற்கிறது. பின்னதில் விளக்கம் தரவேண்டியவராகப் பெரியவர் நிற்கிறார். பளு ஏதேனும் இருக்குமாயின், அதைத் தாங்கத்தக்க தோள் அவருடையதே.

தொடக்கத்தில் கண்ட விண்ணப்பத் தாளுக்கு இப்போது திரும்பலாம். பாதுகாவலர் என்று எழுதினால் அது தம்மைக் குறிக்குமேயன்றிச் சிறுமியைக் குறிக்காது என்று அதனை நிரப்பியவர் தயங்கினார். அத்தயக்கம் தேவையற்றது. அச்சொல் சிறுமியைக் குறிக்காமல் விடுவதே அதன் சிறப்பு. தந்தை பெயர் எழுதும் கோட்டில் காலஞ்சென்றவரின் பெயரும், உறவு கேட்கும் கோட்டில் பாதுகாவலர் என்னும் சொல்லும் எழுதிக் கையெழுத்திட்டபின், அருகில் நிற்பவளை அவர் நிமிர்ந்து பார்க்கலாம். அத்தாளில் அவளைப் பற்றி எழுதியிருப்பது அவளுடைய பெயர் மட்டுமே.